இருநூற்றுப் பதினேழாவது குழாய்

தீவில் எல்லோருக்கும் அவள் நர்ஸம்மாதான். பதினெட்டு வருஷமாக அந்தச் சுகாதார நிலையத்தில் ஊசி போடுகிறவள், புண் கட்டுகிறவள், வலி எடுத்த பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டு படகு வரும்வரை உட்கார்ந்திருக்கிறவள் அவள். அவள் வந்து "வாயைத் திறங்க" என்றால் எதற்கு என்று கேட்காமல் திறக்கிற ஊர் அது. அதனால்தான் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆராய்ச்சியாளர் படகிலிருந்து இறங்கியதும் முதலில் அவளைத் தேடி வந்தார்.

தீவு மக்களின் முன்னோர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று தாய்வழி மரபணுவை வைத்துக் கண்டுபிடிப்பது ஆராய்ச்சியாளரின் வேலை. முப்பத்தைந்து வயது இருக்கும். நடையிலும் பேச்சிலும் ஒரு அவசரம். ஒரு வாரத்துக்குள் அவருக்கு எச்சில் டாக்டர் என்று பெயர் விழுந்துவிட்டது. அது அவர் காதுக்கும் எட்டியது. அடுத்த நாள் பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டபோது, "நான்தான் எச்சில் டாக்டர்" என்றே ஆரம்பித்தார். அந்த ஒரு வார்த்தையில் ஊர் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது.

"நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு சின்னச் சங்கதி இருக்கு. அது அம்மாகிட்டருந்து மட்டும்தான் வரும். உங்க அம்மாவுக்கு அவங்க அம்மா குடுத்தது. அவங்களுக்கு அவங்க அம்மா. இப்படியே பின்னால நடந்து போனா இந்தத் தீவுல முதல்ல கால் வச்ச பொம்பளைங்க யாரு, எந்தக் கரையிலருந்து வந்தாங்கன்னு ஓரளவு சொல்லலாம்."

"அப்ப ஆம்பளைங்க எச்சில் எதுக்கு?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு படகுக்காரர் கேட்டார்.

"உங்களுக்கும் உங்க அம்மா குடுத்திருக்காங்க இல்ல? ஆனா நீங்க யாருக்கும் குடுக்க முடியாது. உங்களோட சரி."

"எங்க வீட்டுலயும் அப்படித்தான் சொல்றாங்க டாக்டர். வாங்கறதோட சரியாம்," என்றார் படகுக்காரர். ஹால் சிரித்து அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

நர்ஸம்மா சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த அவள் அம்மா நாற்காலி நுனிக்கு நகர்ந்து, ஒரு வார்த்தையும் தவறவிடக் கூடாது என்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

அம்மாவுக்குத் தன் அம்மா யாரென்று தெரியாது. இரண்டு வயசு இருக்கும்போது, காய்ச்சலோடு, ஒரு ஆண்பிள்ளையின் பெரிய சட்டைக்குள் சுருட்டி, இன்றைக்குச் சுகாதார நிலையமாக இருக்கிற அந்தக் காலத்து ஆஸ்பத்திரியின் வராந்தா பெஞ்சில் யாரோ விட்டுப் போனார்கள் என்பது மட்டும் தெரியும். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற சலவைக்கட்டில் வேலை பார்த்த ஒருத்தி எடுத்து வளர்த்தாள். வளர்ந்ததும் அம்மாவும் அதே சலவைக்கட்டில் சேர்ந்து, விரிப்புகளை வெந்நீரில் முக்கிப் பிழிந்தே அறுபது வயதைத் தொட்டாள்.

தீவில் இரண்டு ஊர் உண்டு என்றே சொல்லலாம். மேட்டுத்தெருவில் இருப்பவர்கள் முதல் கப்பலில் வந்தவர்கள். அல்லது வந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள். கீழே படகுத்துறையை ஒட்டித் தகரக் கூரை போட்ட கொட்டகை வரிசை. மீன் அறுக்கிற, காயப்போடுகிற, பெட்டி கட்டுகிற சனங்கள் அங்கே. மேட்டுத்தெருவில் யாரையாவது மட்டம் தட்ட வேண்டுமானால் "கொட்டகைப் புத்தி" என்ற இரண்டு வார்த்தை போதும். பள்ளிக்கூடத்தில் நர்ஸம்மாவை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அம்மா யார் பெற்ற பிள்ளை என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் தெரிந்ததுபோலக் கூப்பிட்டார்கள்.

மேட்டுத்தெருப் பையன் ஒருவன் அவளை விரும்பியபோது அவள் ஒரு பொய் சொன்னாள். அம்மா அக்கரையில் ஒரு நல்ல குடும்பத்துப் பிள்ளை, புயலில் படகு கவிழ்ந்து எல்லோரும் போக, தப்பித்தது அம்மா மட்டும் என்று. அவன் அதை வீட்டில் சொன்னான். கல்யாணத்தன்று மாமியார் அம்மாவின் கையைப் பிடித்து, "அந்தப் படகு விபத்து ரொம்பக் கொடுமை சம்பந்தியம்மா" என்றார். அப்படி ஒரு விபத்தை அம்மா அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேள்விப்படுகிறாள். மகளை ஒரு பார்வை பார்த்தாள். "ஆமாங்க" என்று தலையாட்டினாள். அப்புறம் அதைப் பற்றி வீட்டில் ஒரு நாளும் பேசியதில்லை.

அம்மா கொட்டகை வரிசைப் பிள்ளைதான் என்று மகளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது அதற்கு ஒரு வருஷம் கழித்து, வேலையில் சேர்ந்த மாதத்தில். பழைய சாமான் அறையைச் சுத்தம் செய்தபோது கரையான் தின்றது போக மிஞ்சிய ஒரு பதிவேடு கிடைத்தது. அம்மா வந்த வருஷம். மங்கிய மையில் ஒரு வரி: "பெண் குழந்தை, வயது இரண்டு இருக்கலாம், கடும் காய்ச்சல், கொட்டகை வரிசைப் பெண் ஒருத்தி கொண்டுவந்தாள்." அவள் அதை நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். மூடி, அலமாரியின் அடித்தட்டில் உடைந்த எடைக்கருவிக்குப் பின்னால் தள்ளிவைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடமும்.

எச்சில் எடுக்கிற வேலை ஒரு மாதம் நடந்தது. காது குடைகிற பஞ்சுக் குச்சி மாதிரி ஒன்று. கன்னத்தின் உள்பக்கம் நாற்பது தடவை தேய்த்து, சின்னக் குழாயில் போட்டு மூடி, எண் ஒட்டி, பெட்டியில் அடுக்க வேண்டும். சம்மதப் படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது: உங்களோடு ஒரே தாய்வழியில் வருகிறவர்கள் இந்தத் தீவில் இருந்தால், அவர்களும் சம்மதித்தால், ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரிவிக்கலாமா?

அம்மா அந்தக் கட்டத்தில் பேனாவை அழுத்தி டிக் போட்டாள். காகிதம் கிழிந்தது.

"இவ்வளவு வயசுக்கப்புறம் தெரிஞ்சு என்னம்மா ஆகப்போகுது?" என்றாள் மகள், குச்சியை எடுத்துக்கொண்டே.

"உனக்கு நான் இருக்கேன். நீ கேட்க மாட்ட," என்றாள் அம்மா. கோபமில்லாமல்தான் சொன்னாள். சொல்லிவிட்டு வாயை அகலத் திறந்தாள்.

அந்தக் குழாய்க்கு இருநூற்றுப் பதினேழு என்று எண்.

அன்று மத்தியானம் முழுக்க அவளுக்கு அந்தக் குழாயே கண்ணில் நின்றது. கடிதம் வரும். கொட்டகை வரிசையில் இன்னார் இன்னார் உன் தாய்வழி என்று அதில் இருக்கும். அம்மா அதை மடித்து வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. கையில் பிடித்துக்கொண்டு கீழே ஓடுவாள், அங்கே ஒவ்வொருத்தியையும் கட்டிக்கொள்வாள், சாயந்தரத்துக்குள் மேட்டுத்தெருவுக்குச் செய்தி வந்துவிடும். குழாய் தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். சொன்னால் அம்மா நாளைக் காலையில் வாயைத் திறந்துகொண்டு மறுபடி வந்து நிற்பாள்.

வீட்டில் மாமியார் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். அவருடைய எச்சிலைப் போன வாரமே எடுத்தாயிற்று, எண் எண்பத்தெட்டு.

"அத்தை, அன்னைக்கு எடுத்தது சரியா வரலை. இன்னொரு தடவை எடுக்கணும்."

"எனக்கு வாய் வறண்டு போச்சுன்னு அன்னைக்கே சொன்னேனே," என்று மாமியார் முறத்தை இறக்கிவைத்துவிட்டு வாயைத் திறந்தார்.

மறுநாள் காலையில் வேறு யாரும் வருவதற்கு முன்பே சுகாதார நிலையத்துக்குப் போய், இருநூற்றுப் பதினேழாம் குழாயில் இருந்த குச்சியை எடுத்து, எரிக்கப்போகும் கழிவுகளுக்கான மஞ்சள் வாளியில் போட்டாள். மாமியாரின் குச்சி உள்ளே போயிற்று. மூடியை எப்போதும்போல் நிதானமாகத் திருகினாள். அதை நினைத்துத்தான் பிறகு அவளுக்கு அதிகம் கூசியது.

மூன்று மாதம் கழித்துக் கடிதங்கள் வந்தன. தீவில் ஐந்து தாய்வழிகள் கிடைத்திருந்தன. அம்மாவுக்கு வந்தது இரண்டாம் வழி. அதே வழியில் வருகிறவர்கள் பட்டியலில் சம்மதம் கொடுத்தவர்கள் பதினாறு பேர். முதலில் இருந்தது சம்பந்தியம்மா.

தகவல் வந்தபோது நர்ஸம்மா தடுப்பூசிக் கணக்கெடுக்க வெளியே போயிருந்தாள். வீடு திரும்பியபோது கூடத்தில் பேச்சுச் சத்தம். அம்மா சாப்பாட்டு மேஜைக்கு எதிரே, நர்ஸம்மாவின் கணவன் உட்காருகிற நாற்காலியில் இருந்தாள். இத்தனை வருஷத்தில் அம்மா அந்த வீட்டுக்கு வந்தால் சமையலறை வாசலோரம் ஸ்டூலில்தான் உட்காருவாள். உட்காரச் சொன்னது யாருமில்லை. வேறு இடத்தில் உட்காரச் சொன்னதும் யாருமில்லை.

மாமியார் அழுதுகொண்டிருந்தார். அந்த அம்மாள் அழுது அவள் பார்த்ததில்லை. மாமனார் போன அன்றுகூட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர்.

"எங்க அம்மாவோட தங்கச்சி ஒருத்தி இருந்தா," என்று மாமியார் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "என் சித்தி. கல்யாணமாகாம ஒரு பிள்ளை பெத்தா. பொம்பளைப் பிள்ளை. வீட்டுல அதை ராவோட ராவா எங்கயோ குடுத்துட்டாங்க. சித்தி அதுக்கப்புறம் நாலு வருஷம்தான் இருந்தா. நாங்க யாரும் வாயத் திறக்கல. எனக்கு அப்ப ஒம்பது வயசு. அந்தப் பிள்ளைய ஒரு தடவ மடியில வச்சிருந்திருக்கேன். கடுதாசியப் பாத்ததும் எனக்குப் புரிஞ்சு போச்சு. படகும் கவிழல, புயலும் அடிக்கல. எல்லாம் தெரிஞ்சும் எங்க மானத்தக் காப்பாத்த நீ அப்படி ஒரு கதை சொல்லிட்டிருந்திருக்க. உன்னைப் போய் வாசலோரமா உக்கார வச்சிருந்தேனே."

அம்மா எழுந்து மேஜையைச் சுற்றி வந்து அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அழாதீங்கக்கா," என்றாள்.

வாசலில் செருப்பைக் கழற்ற மறந்து நின்றாள் மகள். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைத் தாங்க முடியாமல், "கை கழுவிட்டு வரேன்" என்று பின்கட்டுக்குப் போனாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றாள். இப்போதே போய்ச் சொல்லிவிடலாம். இரண்டே வார்த்தை. போகவில்லை.

மாமியார் சித்தியின் படம் ஒன்றை அம்மாவுக்குக் கொடுத்தார். உள்ளங்கை அளவு, ஓரம் மடங்கிய படம். அம்மா அதைச் சட்டம் போட்டுக் கட்டில் பக்கத்தில் மாட்டினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் போனபோது அம்மா முகம் பார்க்கிற கண்ணாடியை ஒரு கையிலும் படத்தை ஒரு கையிலும் வைத்துக்கொண்டிருந்தாள்.

"மூக்கைப் பாரு. என் மூக்கு அப்படியே. காது கொஞ்சம் வேற. காது அப்பா வழியா இருக்கும், இல்ல?"

"இருக்கும்மா."

"எங்க அம்மா என்னை விட்டுட்டுப் போகல பாத்தியா? பிடுங்கிக் குடுத்திருக்காங்க."

மகள் அந்தப் படத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணைப் பார்த்தாள். அம்மாவுக்கும் அவளுக்கும் ஒரு சாயலும் இல்லை.

வீட்டில் வேறு கூத்து. துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்த கணவனுக்குச் சங்கதி தெரிந்ததும் முதலில் அம்மாவுக்காகச் சந்தோஷப்பட்டான். இரண்டு நாள் கழித்து, காலையில் காப்பி டம்ளரை வாயருகே கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான்.

"உங்க அம்மா எங்க அம்மாவுக்குத் தங்கச்சி முறை."

"ம்."

"அப்ப எனக்குச் சித்தி."

அவள் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி பொண்ணு எனக்கு என்ன முறை?"

அவள் துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள். பத்தொன்பது வருஷம் குடும்பம் நடத்திய பெண்டாட்டியை அவன் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தான். அப்புறம் பார்வையை எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து கூடத்துச் சோபாவில் படுக்கை. மாமியாருக்கும் அது உறைத்திருக்க வேண்டும்; "தெரியாம நடந்ததுக்கு யாரும் பொறுப்பில்ல" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். ஒரு நாள் அவன் கேட்டான்: "அக்கரையில படிக்கிற நம்ம பொண்ணு லீவுக்கு வந்து, ஏன்ப்பா சோபாவுல படுத்திருக்கீங்கன்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது?" குரலில் கோபம் இல்லை. பயந்துபோன மனுஷனின் குரல்.

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. மறுநாள் மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஆராய்ச்சியாளர் அங்கே பழைய தையல் வகுப்பறையை வாங்கி அலுவலகமாக வைத்திருந்தார். சுவர் முழுக்கத் தீவின் வரைபடம், அதில் ஐந்து நிறத்தில் குண்டூசிகள்.

"சிஸ்டர், வாங்க. உங்க அம்மா கதையைக் கட்டுரைல சேர்க்கலாமான்னு கேக்கணும்னு இருந்தேன். பேர் போட மாட்டேன்."

"சேர்க்காதீங்க டாக்டர். அது அம்மாவோடது இல்ல."

குழாயை மாற்றியதை அவள் நின்றுகொண்டே சொன்னாள். முடிந்ததும் ஆராய்ச்சியாளர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"எத்தனை குழாய்?"

"ஒண்ணுதான்."

"எப்படி நம்பறது?"

அவள் வாயைத் திறந்தாள்.

"நானூத்திப் பன்னிரண்டு பேர் சிஸ்டர். அதுல முந்நூறுக்கு மேல உங்க கையால எடுத்தது. ஒண்ணை மாத்தினவங்க ரெண்டை மாத்தலைன்னு நான் எந்த அடிப்படைல எழுதுவேன்? கொட்டகை வரிசைல இருக்கிற நாலாம் வழி கப்பலுக்கு முந்தினதா இருக்கலாம்னு நினைச்சேன். அதுக்குத்தான் மூணு வருஷமா அலைஞ்சேன். இப்ப அதையும் சொல்ல முடியாது. எல்லாத்தையும் திரும்ப எடுக்கணும்."

"நானே கூட வந்து..."

"வேண்டாம்." ஆராய்ச்சியாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "உங்களை நம்பித்தானே எல்லாரும் வாயைத் திறந்தாங்க."

கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது. சுகாதார நிலையத்துக்குத் திரும்பி, சாமான் அறையைத் திறந்து, உடைந்த எடைக்கருவியை நகர்த்தினாள். பதிவேடு அங்கேயே இருந்தது. அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்கு நடந்தாள்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். சலவைக்கட்டுப் பழக்கம், தன் ஒற்றைப் போர்வையைக்கூட நாலு மூலையும் ஒட்டித்தான் மடிப்பாள். மகள் எதிரே தரையில் உட்கார்ந்து குச்சியைப் பற்றிச் சொன்னாள், மஞ்சள் வாளியைப் பற்றிச் சொன்னாள். அம்மா மடிப்பதை நிறுத்தவில்லை. பதிவேட்டை எடுத்து அந்த வரியில் விரலை வைத்துக் காட்டியபோதுதான் நிறுத்தினாள். ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய், எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தாள்.

"ஒருத்தி கொண்டுவந்தாள்," என்றாள். "விட்டுட்டுப் போனாங்கன்னு எழுதல."

"இல்லம்மா."

"இது உனக்கு எப்பக் கிடைச்சுது?"

பொய் சொல்ல அப்போதுகூட இடமிருந்தது. போன மாசம் என்று சொல்லியிருக்கலாம். "வேலைல சேர்ந்தப்ப," என்றாள்.

அம்மா பதிவேட்டை மூடினாள். சுவரிலிருந்து படத்தை எடுத்து, சட்டத்தைப் பிரித்து, துடைத்து, ஒரு கைக்குட்டையில் சுற்றினாள்.

"இதை அவங்ககிட்ட நானே குடுத்துக்கறேன். அவங்க அழுத அழுகை பொய்யில்ல. அதை நீ போய்த் தொடாத."

"அம்மா, நான் உன்னை..."

"உன் கல்யாணத்துல நீ சொன்னதுக்குத் தலையாட்டினேன். எனக்கு அதுல ஒண்ணும் குறையல. உனக்கு வேண்டியிருந்துது, குடுத்தேன். ஆனா இது என்னோடது பாப்பா. எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான்."

அதோடு எழுந்து கதவைத் திறந்து வைத்தாள். காற்றுக்காகத் திறந்ததுபோல்தான் இருந்தது. மகள் எழுந்து வெளியே வந்தாள்.

அன்று சாயந்தரம் கணவனிடமும் சொன்னாள். அவன் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. அது வந்ததற்காக அவனே தலையைக் குனிந்துகொண்டான். "இத்தனை வருஷம் என்னை என்னன்னு நினைச்சிட்டிருந்த?" என்று மட்டும் கேட்டான். கொட்டகை வரிசை என்று தெரிந்திருந்தால் கட்டியிருக்க மாட்டான் என்று அவள் நினைத்திருந்தாள். அதைச் சொல்ல முடியவில்லை. நினைத்தது சரிதானா என்று அவனுக்கும் தெரிந்திருக்காது.

மாமியார் அவளிடம் கோபித்துக்கொள்ளவில்லை. அறுபது வருஷம் பூட்டி வைத்ததை வெறும் ஒரு குச்சிக்காகத் திறந்து கொட்டிவிட்டோம் என்ற கூச்சம் அவருக்கு. சாப்பாட்டுத் தட்டை அறைக்குக் கொண்டுவரச் சொன்னார். மருமகள் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அங்க வை" என்றார். அம்மா போய்ப் படத்தைக் கொடுத்த அன்று இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு வெகு நேரம் இருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. வெளியே வந்த அம்மா பழையபடி சம்பந்தியம்மா என்றுதான் சொன்னாள். ஆனால் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போனாள்.

அக்கரையிலிருந்து வந்த இரண்டு பெண்கள் வீடு வீடாகப் போய் மறுபடி எச்சில் எடுத்தார்கள். ஏன் என்று ஊர் கேட்டது. "சேகரிச்சதுல ஒரு தவறு நடந்திருச்சு" என்பதோடு ஆராய்ச்சியாளர் நிறுத்திக்கொண்டார். அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் சின்னத் தீவு. நர்ஸம்மா கூட வராததை ஊர் கவனித்தது. ஊசிக்குக் கையை நீட்டுகிறவர்கள் நீட்டினார்கள். ஆனால் அவள் மருந்தை ஊசியில் உறிஞ்சுவதற்கு முன் புட்டியை ஒரு தடவை திருப்பிப் பெயர் படித்தார்கள். அவளும் படிப்பதற்கு வசதியாகப் பிடித்துக் காட்டினாள்.

அம்மாவின் புதுச் சோதனை முடிவு ஆறு வாரத்தில் வந்தது. நாலாம் வழி. கொட்டகை வரிசையில் பதினோரு பேர். அதில் ஒருத்தியின் மரபணு அம்மாவுடையதோடு ஒரு எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போயிற்று. மீன் அறுக்கிறவள், ஐம்பத்தெட்டு வயதுக்காரி. கை வேகத்துக்காகக் கத்தியக்கா என்று பெயர் பெற்றவள். ஒத்துப்போவதால் மட்டும் உடன்பிறப்பு என்றாகாது, வேறு சோதனை செய்தால் உறுதியாகச் சொல்லலாம் என்று ஆராய்ச்சியாளர் எடுத்துச் சொன்னார்.

"போதும் டாக்டர். இனிமே என் வாயில யாரும் குச்சி விட வேண்டாம்," என்றாளாம் அம்மா.

முதல் தடவை அம்மா கீழே போகப்போகிறாள் என்று தெரிந்து, மகள் தயாராகி வாசலில் போய் நின்றாள். அம்மா கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள்.

"நீ வர வேண்டாம்."

"வெளியவே நிக்கறேன்மா."

"வேண்டாம்," என்றாள் அம்மா. சரிவில் இறங்கிப் போனாள். தகரக் கூரைகளுக்கு நடுவே மறைகிறவரை திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு அம்மா வாரத்தில் நாலு நாள் கீழேதான் இருந்தாள். மகள் ஞாயிற்றுக்கிழமை போனால் கதவு பூட்டியிருக்கும். கொண்டுபோன சாமானை வாசல் திட்டில் வைத்துவிட்டு வருவாள். அடுத்த தடவை பாத்திரம் கழுவித் திட்டில் கவிழ்த்து வைத்திருக்கும்.

மழை விட்டிருந்த ஒரு முற்பகலில் சுகாதார நிலையத்தில் டோக்கன் வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒல்லியாக, நரைமுடியை இறுக்கிக் கட்டிய ஒருத்தி. இடது கையில் சுற்றியிருந்த துணி முழுக்க ரத்தம். முறை வந்ததும் இருவரும் உள்ளே வந்தார்கள்.

"கத்தி வழுக்கிருச்சு நர்ஸம்மா," என்றாள் வந்தவள். "பேரு மட்டும்தான் கத்தியக்கா."

"என் பொண்ணு," என்றாள் அம்மா அவளிடம். "நல்லா கட்டுவா."

அவளால் நிமிர முடியவில்லை. துணியைப் பிரித்தாள். பெருவிரலுக்குக் கீழே ஆழமான வெட்டு. மரத்துப்போக ஊசி போட்டு, கழுவி, தைக்க ஆரம்பித்தாள். வலி தெரியாதிருக்க ஏதாவது பேசுவது கத்தியக்காவின் சுபாவம்போலும்.

"எங்க அம்மா சொல்லிட்டே இருப்பாங்க. எனக்கு மூத்தது ஒண்ணு இருந்துதாம். காய்ச்சல்னு இங்க தூக்கிட்டு வந்தாங்களாம். எங்க அப்பா சட்டையில சுத்தி. கொட்டகை ஆளுங்கள உள்ள விட மாட்டாங்களாமே அப்பல்லாம். வெளிய நின்னு நின்னு பாத்துட்டு வேலைக்குப் போவாங்களாம். பத்தாம் நாளோ என்னவோ, பிள்ளை போயிருச்சு, வராதேன்னு யாரோ சொல்லிட்டாங்க. எங்க புதைச்சீங்கன்னு கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லலயாம். கடைசி வரைக்கும் அதையேதான் கேட்டுட்டு இருந்தாங்க."

"எப்ப தவறினாங்க?" அவளுக்குத் தன் குரல் வேறு யாருடையதோபோல் கேட்டது.

"ஆச்சு, பன்னிரண்டு வருஷம்."

ஊசி நின்றது. பதினெட்டில் பன்னிரண்டு போனால் ஆறு. எடைக்கருவிக்குப் பின்னால் அந்தப் பதிவேடு இருந்த முதல் ஆறு வருஷமும் அந்தப் பெண் கீழே, இந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற தகரக் கூரைக்குக் கீழே, உயிரோடு இருந்திருக்கிறாள். அவளுக்கு இவளே ஊசிகூடப் போட்டிருக்கலாம். எந்த முகம் என்று நினைவில்லை.

அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கணக்கை அவள் எப்போதோ போட்டு முடித்துவிட்டாள் என்பது அந்த முகத்தில் தெரிந்தது. அதைத் தெரிந்துகொண்டுதான் கத்தியக்காவை இங்கே கூட்டிவந்திருக்கிறாள். துறையிலேயே காயத்துக்குத் தையல் போட்டுக் கட்டுகிற ஒரு மருந்துக்கடை இருக்கிறது. இந்தச் சரிவில் ஏறி வந்திருக்க வேண்டியதில்லை.

கடைசித் தையலைப் போட்டு, மருந்து வைத்து, கட்டுத்துணியைச் சுற்றினாள். கண்ணீர் மறைத்தது. சுற்றிக்கொண்டே போனாள்.

"ரொம்ப இறுக்கற," என்றாள் அம்மா. "விரல் வெளுக்குது பாரு. தளர்த்திக் கட்டு."

அவள் கட்டைப் பிரித்து, முதலிலிருந்து கட்ட ஆரம்பித்தாள்.